இதர செலவினங்கள்

உள்ளாட்சி பட்ஜெட்டைக் கண்காணிக்கும் குடிமக்கள் குழுவில் சேர்ந்து இன்றோடு ஒரு வருடம். சம்பளம் கிடையாது. முதல் கூட்டத்தில் தலையணை கனத்துக்கு ஒரு காகிதக் கட்டைக் கையில் கொடுத்தார்கள். பத்துப் பக்கம் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டேன்.

அப்புறம் மெல்லப் பிடிபட்டது. பட்ஜெட்டை முதல் பக்கத்திலிருந்து கதை மாதிரி படிக்கக் கூடாது. போன வருட மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மையில் செலவானது என்று மூன்று பத்திகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஸ்கேலை வைத்து வரி வரியாக நகர்த்தியபோதுதான் கண்ணில் பட்டது: வடிகால் பராமரிப்புக்கு ஒதுக்கியதில் பாதிகூடச் செலவாகவில்லை. ஆனால் இந்த வருடமும் அதே தொகை, அச்சுப் பிசகாமல். "இதர செலவினங்கள்" மட்டும் வருடா வருடம் கொழுத்துக்கொண்டே போகிறது. கடைசி மாதத்தில் பில்கள் குவிவது தனிக்கதை.

கேட்டேன். கணக்கு அதிகாரி கோபப்படவில்லை. "டெண்டருக்கு யாரும் வரலைங்க, மூணு தடவை கூப்பிட்டோம்" என்று கோப்பைத் திறந்து காட்டினார். திருட்டைப் பிடிக்கப் போன எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரத்தில் 1989இலேயே எந்த வேலைக்கு முதலில் பணம் என்பதை மக்களே கூடிப் பேசி முடிவு செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். எங்களுக்கு அவ்வளவு அதிகாரம் இல்லை. கேட்கலாம், பரிந்துரைக்கலாம்.

சரி, நாளை மறுநாள் கூட்டம். "இதர" என்பதற்குள் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துக் காட்டச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஸ்கேலைப் பையில் வைத்தாயிற்று.