ஒரு முன்னாள் ஜனாதிபதியும் பொதுச் சொத்துச் சட்டமும்: வவுனியாவில் நடந்த விவாதம்

2025 ஆகஸ்ட் 22ஆம் திகதி முன்னாள் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க கைது செய்யப்பட்டார். அடுத்த கிழமை வவுனியா நீதிமன்ற வளாகத்தில் சட்டத்தரணிகள் கூடுமிடமெல்லாம் அதே பேச்சாக இருந்தது. 2002 பெப்ரவரி 22இல் பிரதமராக இந்த நகருக்கு வந்து போர்நிறுத்த உடன்படிக்கையில் அவர் கையெழுத்திட்டதை நினைவில் வைத்திருப்பவர்களும், 1983இல் ஆட்சியிலிருந்த கட்சியின் அமைச்சர் என்பதை மறக்காதவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். அதனால் முதல் நாள் பேச்சு அவரது அரசியல் வாழ்வையே சுற்றி வந்தது. அவர்மீது சுமத்தப்பட்ட குற்றத்தின் கூறுகள், அதாவது அக்குற்றத்தை நிறுவ எண்பிக்க வேண்டியவை, எவை என்று எவரும் கேட்கவில்லை.

மறுநாள் அந்தக் கேள்வியை நான் எழுப்பினேன். 2023 செப்டெம்பரில் கியூபாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்று திரும்பும் வழியில், தமது மனைவிக்கான பல்கலைக்கழக நிகழ்வொன்றுக்காக அவர் இலண்டனில் தங்கினார் என்பதும், அந்தத் தனிப்பட்ட பயணத்துக்கு ஏறத்தாழ 1 கோடி 66 இலட்சம் ரூபா அரச பணம் செலவானது என்பதும் முறைப்பாட்டின் சாரம். தண்டனைச் சட்டக்கோவையின் 386, 388ஆம் பிரிவுகளும், 1982ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பொதுச் சொத்துச் சட்டத்தின் 5(1)ஆம் பிரிவும் மேற்கோள் காட்டப்பட்டிருந்தன. பிறர் சொத்தை அல்லது பொதுச் சொத்தை நேர்மையீனமாகக் கையாடுவது பற்றியவை இவை.

விடுபாட்டுரிமை பற்றிய வாதம் விரைவிலேயே முடிந்துவிட்டது. அரசியலமைப்பின் 35ஆம் உறுப்புரை ஒரு ஜனாதிபதி பதவியில் இருக்கும் காலத்துக்கே வழக்குத் தொடுப்பதைத் தடுக்கிறது. அந்தப் பாதுகாப்பு பதவியோடு முடிந்துவிடும் என்பதை மல்லிகாராச்சி வழக்கில் 1985இலேயே உயர் நீதிமன்றம் கூறியிருக்கிறது.

கடினமான கேள்வி நேர்மையீனம் பற்றியது. எங்களில் இளையவரான ஒரு சட்டத்தரணி, "சேர், தனிப்பட்ட பயணத்துக்கு அரச காசு எடுத்தது ஒன்றே போதாதா?" என்று கேட்டார். போதாது என்பதே அன்றும் இன்றும் என் கருத்து. ஒருவருக்குச் சட்டவிரோதமான ஆதாயத்தையோ இன்னொருவருக்குச் சட்டவிரோதமான இழப்பையோ ஏற்படுத்தும் எண்ணத்துடன் செய்யும்போதுதான் ஒரு செயல் நேர்மையீனமாகிறது; செலவு விதிகளை மீறுவது அதற்கான சான்றாகலாமே தவிர, அதுவே குற்றமாகிவிடாது. பதவியிலிருக்கும் ஜனாதிபதி எங்கு சென்றாலும் மெய்ப்பாதுகாவலர்கள் உடன் செல்ல வேண்டியிருப்பதால், அவர்களுக்கான செலவையும் அவரது சொந்தச் செலவையும் பிரித்துக் காட்ட வேண்டிய கடமை வழக்குத் தொடுநருக்கு உண்டு. இலண்டன் தங்கலை உத்தியோகபூர்வப் பயணமாகக் காட்டும்படி யார் பணித்தார், கொடுப்பனவுக்கு யார் ஒப்புதல் அளித்தார், அழைப்பிதழ் எந்தத் தகைமையில் அனுப்பப்பட்டது என்பவற்றுக்கு ஆவணங்கள் வேண்டும். 20 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனையும், சொத்துப் பெறுமதியின் மூன்று மடங்கு வரை செல்லக்கூடிய தண்டப்பணமும் விதிக்க இடமளிக்கும் ஒரு பிரிவை இவை இல்லாமல் எவர்மீதும் பிரயோகிக்கக் கூடாது.

"எங்கட ஆக்களுக்கு இப்படி ஆர் சேர் கணக்குப் பார்த்தது?" என்று அந்த இளையவர் திருப்பிக் கேட்டார். அக்கேள்வியின் நியாயத்தை நான் ஏற்கிறேன். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் ஒருவரிடம் அளித்ததாகக் கூறப்படும் ஒப்புதல் வாக்குமூலத்தையே பிரதான சான்றாகக் கொண்டு எத்தனையோ வழக்குகள் நடந்ததை வன்னி அறியும். குற்றப்பத்திரமே இல்லாமல் அடைக்கப்பட்ட மகனைத் தேடிச் சிறைச்சாலைகளுக்கு அலைந்த தாய்மாரின் கோவைகளை நான் கையாண்டிருக்கிறேன். அந்த அனுபவமே ஒவ்வொரு குற்றச்சாட்டிலும் கூறுகளைத் தேடும் பழக்கத்தை எனக்குத் தந்தது. அந்தப் பழக்கத்தை ஒரு அரசியல்வாதிக்காகக் கைவிட்டால், நாளை விசுவமடுவிலிருந்து வழக்குக்காக என்னிடம் வரும் கட்சிக்காரருக்காக அதே வாதத்தை முன்வைக்க என்னிடம் பலம் இருக்காது.

பிணை பற்றிய பேச்சில் எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. இதே பொதுச் சொத்துச் சட்டத்தின் கீழ், சம்பந்தப்பட்ட சொத்தின் பெறுமதி 25,000 ரூபாவுக்கு மேற்பட்டது என்று பொலிஸ் உயரதிகாரி ஒருவர் சான்றளித்தால், விதிவிலக்கான சூழ்நிலைகளைக் காட்டாமல் நீதவான் பிணை வழங்க முடியாது. இன்றைய விலைவாசியில் சில மீற்றர் செப்புக் கம்பியே அந்த வரம்பைத் தொட்டுவிடக்கூடும். கம்பி வெட்டியதாகப் பிடிபட்ட கூலித் தொழிலாளி மாதக்கணக்கில் விளக்கமறியலில் இருப்பதை நாங்கள் கண்டிருக்கிறோம். முன்னாள் ஜனாதிபதிக்கோ, மருத்துவ நிலைமை நீதிமன்றத்தில் எடுத்துரைக்கப்பட்டு, ஆகஸ்ட் 26ஆம் திகதியே பிணை கிடைத்தது. அந்தக் கட்டளையில் தவறு இருப்பதாக நான் நினைக்கவில்லை. நோயுற்ற எந்தச் சந்தேகநபருக்கும் அதே அளவுகோல் வேண்டும்.

அந்த வாரமே இளைய சட்டத்தரணி தம் கட்சிக்காரர் ஒருவருக்காகப் பிணை விண்ணப்பம் தயாரித்தார். அந்தக் கட்சிக்காரருக்கு நீண்டகாலச் சிறுநீரக நோய் இருந்தது. மருத்துவ அறிக்கையும் கையில் இருந்தது. விதிவிலக்கான சூழ்நிலை என்ற தலைப்பின் கீழ் முன்னாள் ஜனாதிபதிக்குக் கொழும்பில் பிறப்பிக்கப்பட்ட பிணைக் கட்டளையைச் சேர்க்கலாமா என்று என்னிடம் கேட்டார். அது இன்னொரு நீதவானைக் கட்டுப்படுத்தாது என்றாலும், முதற்பந்தியிலேயே சேர்க்கச் சொன்னேன்.