எடை நின்றுவிட்டதா? எண்ணெய் பாக்கெட்டில் தேதி எழுதுங்கள்

முதல் இரண்டு மாதம் மளமளவென்று இறங்கிய எடை ஒரு கட்டத்தில் நின்றுவிடும். உடனே பலரும் ராத்திரி சாப்பாட்டை நிறுத்துகிறார்கள், இல்லையென்றால் டிரெட்மில்லில் இன்னும் ஒரு மணி நேரம் ஓடுகிறார்கள். கொழுப்பு குறைவது நிஜமாகவே நின்றிருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

காலையில் பாத்ரூம் போய்வந்ததும், காபிக்கு முன்னால், தினமும் எடை பாருங்கள். ஏழு நாள் எண்களைக் கூட்டிச் சராசரி எடுங்கள். வாரம் ஒருமுறை தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து வயிற்றுச் சுற்றளவையும் குறித்துக்கொள்ளுங்கள். சராசரி, சுற்றளவு இரண்டும் மூன்று, நாலு வாரமாக அசையவில்லை என்றால்தான் அது தேக்கம். எடை அப்படியே இருந்து பேன்ட் தளர்ந்தால் கொழுப்பு போய்க்கொண்டுதான் இருக்கிறது. கல்யாணச் சாப்பாடு, ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று உப்பு கூடினால் உடம்பு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். மறுநாளே ஒரு கிலோ ஏறியதுபோலத் தெரியும். பெண்களுக்கு மாதவிடாயை ஒட்டியும் இப்படி ஆகும். அதனால் அவர்கள் போன மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிட வேண்டும்.

‘சாப்பாட்டைக் குறைத்ததால் உடம்பு பட்டினி நிலைக்குப் போய்விட்டது, இனி இறங்காது’ என்று ஜிம்மில் சொல்வார்கள். 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 ஆண்களுக்கு 24 வாரம் பாதிச் சாப்பாடுதான் கொடுத்தார்கள். உடம்பின் கலோரிச் செலவு வெகுவாகக் குறைந்தது உண்மை. ஆனாலும் எடையில் ஏறக்குறைய கால் பங்கு போனது.

செலவு ஏன் குறைகிறது? உடம்பு சிறுத்துவிட்டது. ஒரு கிலோ குறைந்தால் தினசரிச் செலவு சுமார் 20-25 கலோரி குறையும். 90 கிலோவில் தினம் 500 கலோரி குறைத்துச் சாப்பிட ஆரம்பித்தவர் அதே தட்டோடு 80 கிலோவுக்கு வரும்போது, அந்த 500இல் பாதிதான் மிஞ்சும். அந்தப் பாதியைத் தின்றுவிடுவது பெரும்பாலும் அளக்காத சாப்பாடு. எவ்வளவு குறைத்தாலும் இறங்கவில்லை என்றவர்களை ஆராய்ந்த ஒரு கட்டுரை 1992இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் வந்தது. அவர்கள் சாப்பிட்டதாகச் சொன்ன அளவு, உண்மையில் சாப்பிட்டதில் ஏறக்குறைய பாதிதான். அவர்கள் பொய் சொல்லவில்லை, கண்ணளவு ஏமாற்றிவிட்டது.

நம் வீடுகளில் அந்தக் கண்ணளவு எண்ணெயில்தான் அதிகம் தவறுகிறது. சோற்றைக் குறைப்பவர்கள் பொரியலையும் தோசைக்கல்லில் சுற்றி விடுவதையும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு வேலை செய்யுங்கள்: புது ஒரு லிட்டர் பாக்கெட்டை வெட்டும் நாளில் அதன் மேல் தேதி எழுதுங்கள். லிட்டருக்குச் சுமார் 8,200 கலோரி. நாலு பேர் வீட்டில் பத்து நாளில் தீர்ந்தால் ஆளுக்கு தினம் 25 மில்லி, 200 கலோரிக்குக் கொஞ்சம் மேல். ஏழு நாளில் தீர்ந்தால் 290. அடுத்த பாக்கெட்டை மூன்று நாள் கூடுதலாக ஓட்டினாலே கணக்கு மாறும். தாளிப்புக்கு டீஸ்பூனால் அளந்து ஊற்றுங்கள். பாலையும் பாருங்கள்: ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் கொழுப்பு 6 சதவீதம், நீலத்தில் 3. தினம் மூன்று காபிக்கு 300 மில்லி பால் என்றால் அந்த மாற்றத்திலேயே 80 கலோரி மிச்சம். சோற்றை அரிசியாகவே எடை போட்டு வையுங்கள்; வெந்தபின் தண்ணீர் அளவு தினமும் மாறும்.

புரதத்தைக் குறைத்தால் கொழுப்போடு தசையும் போகும். உங்கள் எடைக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் வரை இலக்கு வையுங்கள். முட்டையில் 6 கிராம், 50 கிராம் காய்ந்த சோயா உருண்டையில் 25 கிராம். ரசம் சாதமும் அப்பளமும் மட்டும் சாப்பிட்டு அங்கே போய்ச் சேர முடியாது. சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. வாரம் இரண்டு, மூன்று நாள் வெயிட் தூக்குவதை விட்டுவிடாதீர்கள்.

பலர் கவனிக்காத இன்னொன்று நடை. சாப்பாடு குறைந்தால் நாம் அறியாமலே அசைவும் குறையும். சென்னையில் கத்திரி வெயிலிலும் ஐப்பசி மழையிலும் இது இன்னும் மோசம். போனில் இந்த மாத அடிகளையும் முதல் மாத அடிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 3,000 அடி கூட்டினால் சுமார் 100 கலோரி. மெரினாவில் உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கம் வரை ஒருவழி நடந்தாலே அந்தக் கணக்கு முடிந்துவிடும். மழை நாளில் போன் பேசும்போதெல்லாம் வீட்டுக்குள்ளேயே நடங்கள்.

எண்ணெய், நடை இரண்டையும் ஒரே வாரத்தில் மாற்றாதீர்கள். எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். ஒன்றை மாற்றி இரண்டு வாரம் சராசரியைப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு மேல் குறைத்தே சாப்பிட்டுச் சோர்ந்திருந்தால், எடை ஏறாத அளவுக்கு ஒன்றிரண்டு வாரம் சாப்பிட்டு இளைப்பாறலாம். அப்போது ஒரு கிலோ ஏறினால் பயப்பட வேண்டாம். தசையில் மாவுச்சத்து நிரம்பும்போது ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரும் சேரும்.

எல்லாம் அளந்தும் அசையவில்லை என்றால் தைராய்டுக்கு டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். மாதவிடாய் தவறினால் பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருக்கிறதா என்றும் கேளுங்கள். இன்சுலின் போடுபவர்களும் சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்கவே கூடாது. சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம்.