இரண்டு ஊசி, ஒரே நூல்

கையால் தைத்த தோல் பை மெஷினில் தைத்ததைவிட நீண்ட நாள் உழைக்கும் என்று நான் சொன்னால், கைவேலை மேல் உள்ள பிரியத்தில் சொல்கிறேன் என்றுதான் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். பிரியம் இருக்கிறது, ஆனால் காரணம் நூல் போகிற வழியில் இருக்கிறது. தையல் மெஷினில் மேல்நூல் ஒன்று, பாபின் நூல் ஒன்று, இரண்டும் தோலுக்கு நடுவில் ஒன்றையொன்று கோத்துக்கொள்கின்றன; ஓர் இடத்தில் நூல் தேய்ந்து அறுந்தால் பக்கத்துத் தையல்களும் இளகி வரத் தொடங்கும். சாடில் ஸ்டிச் எனப்படும் கைத்தையலில் இருப்பது ஒரே நூல், இரண்டு முனையிலும் ஊசி. ஒவ்வொரு துளையையும் அந்த நூல் இரண்டு பக்கத்திலிருந்தும் கடக்கிறது. ஒரு பக்கம் அறுந்தாலும் அடுத்த பக்கத்து நூல் பிடித்துக்கொண்டிருக்கும். குதிரைச் சேணம் தைப்பவர்களின் தையல் இது, பெயரும் அங்கிருந்து வந்ததுதான்.

பினாங்கில் ஆயர் ஈத்தாம் பக்கம் அடுக்குமாடி வீட்டில் உட்கார்ந்துதான் நான் இதைச் செய்கிறேன். "என்னென்ன வாங்கணும்?" என்று கேட்கிறவர்களுக்கு என் முதல் பதில், ஆன்லைனில் ஒரே பெட்டியில் ஏகப்பட்ட சாமான் போட்டு விற்கிறார்களே, அந்த செட்டை வாங்காதீர்கள் என்பதுதான். அதில் பாதியைத் தொடவே மாட்டீர்கள், தொடுகிற மீதியும் மழுங்கலாக இருக்கும். அந்தப் பணத்தை ஒரு நல்ல ஸ்டிச்சிங் சிசலில் போடுங்கள். தோலில் வரிசையாகத் துளை போடுகிற, பல் வைத்த உளி அது. நேர்க்கோட்டுக்கு நான்கு அல்லது ஆறு பல், வளைவுக்கு இரண்டு பல். பல் இடைவெளி பர்ஸ் மாதிரி மெல்லிய வேலைக்கு 3 மில்லிமீட்டர், பெல்ட்டுக்கு 4. தையல் அழகாக வருமா வராதா என்பது ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்பே, இந்தத் துளையில் முடிவாகிவிடுகிறது. டிவைடரை வைத்து ஓரத்திலிருந்து 3 மில்லிமீட்டர் உள்ளே ஒரு கோடு இழுங்கள், உளியைச் செங்குத்தாகப் பிடியுங்கள், ஒவ்வொரு முறையும் முதல் பல்லை முந்தைய கடைசித் துளையில் வைத்து அடியுங்கள், இடைவெளி மாறவே மாறாது. அடிப்பதற்கு நைலான் சுத்தியல். இரும்புச் சுத்தியலால் அடித்தால் உளியின் தலை நசுங்கிப் போகும்.

அடிக்கிற பலகைக்குக் கீழே கனமான கல் இருந்தால்தான் அடி முழுதாக இறங்கும், மேசை குதிக்காது. இதற்கென்று கருங்கல் பலகை விற்கிறார்கள். பாட்டி வீட்டு அம்மிக்கல் சும்மா கிடந்தால் அதுவே போதும், என் வீட்டில் அதுதான். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் மட்டும் அடிக்காதீர்கள், கீழ்வீட்டில் குழந்தை தூங்கும்.

அப்புறம் ஊசி. முனை மழுங்கிய ஊசிதான் வேண்டும், துளை ஏற்கெனவே இருக்கிறதே. கூர் ஊசி, உள்ளே கிடக்கிற நூலையே குத்திவிடும், அப்படிக் குத்தினால் தையலை இறுக்கவே முடியாது. நூல், தைக்கிற நீளத்தைப்போல நான்கு மடங்கு வெட்டிக்கொள்ளுங்கள், தோல் தடிப்பாக இருந்தால் இன்னும் கொஞ்சம். லினன் நூலுக்கு ஓர் அழகு உண்டு, தேன்மெழுகு பூசித் தைத்தால் பார்க்கப் பழைய காலத்து வேலை மாதிரி இருக்கும். ஆனால் நம் ஊர் ஈரத்துக்கு மெழுகு பூசிய பாலியஸ்டர் நூலைத்தான் நான் சொல்வேன், அது இற்றுப்போகாது. பர்ஸுக்கு 0.6 மில்லிமீட்டர், பெல்ட்டுக்கு 0.8.

தைக்கும்போது ஒரே ஒரு விதி. எந்தப் பக்கத்து ஊசி முதலில் போகிறதோ, கடைசித் துளைவரை அதே ஊசிதான் முதலில் போக வேண்டும். இரண்டாவது ஊசி நுழையும்போது முதல் நூலைச் சற்றே பின்னால் இழுத்து ஒதுக்கிப் பிடியுங்கள். பிறகு இரண்டு கையும் ஒரே அளவு இழுக்க வேண்டும். இந்த ஒழுங்கு மாறாமல் இருந்தால் தையல் ஒவ்வொன்றும் ஒரே சாய்வில் படுக்கும், நெல் நாற்று வரிசை மாதிரி. எங்கே கவனம் சிதறியதோ அந்த இடம் வெளியே தெரியும்.

தோலைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குப் போதாது. உலகில் பெரும்பகுதி தோல் குரோம் உப்பில் பதனிட்டது. மென்மையானது, தண்ணீருக்கு அதிகம் பயப்படாது. ஆனால் அதன் ஓரத்தைத் தேய்த்து மெருகேற்ற முடியாது, பெயின்ட்தான் பூச வேண்டும். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலோ, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து, ஈரம் தொட்டு, மரக்கட்டையால் உரசினால் கண்ணாடி மாதிரி மின்னும். கைத்தையலுக்கு இதுதான். தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்டு, கடுக்காய் போட்டு முடிக்கிற முறை ஒன்று உண்டு, ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) லெதர் என்று புவிசார் குறியீடே வாங்கியிருக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று அந்தப் பக்கத்து ஊர்களெல்லாம் தோல் ஊர்கள். சரி, அந்தப் பட்டைச் சாற்றுக்கு ஒரு குணம் உண்டு, ஈரத்தோடு இரும்பு பட்டால் கறுத்துப்போகும். கடுக்காயோடு அன்னபேதி என்ற இரும்பு உப்பைச் சேர்த்து மை காய்ச்சினார்களே, அதே வேதியியல். அதனால் வியர்த்த கையோடு இரும்பு ஸ்கேலைத் தோல்மேல் வைத்துவிட்டுப் போகாதீர்கள், கோடு விழுந்துவிடும்.

பினாங்கில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. பூஞ்சைக்கு இதைவிட நல்ல ஊர் கிடைக்காது. தோலை பிளாஸ்டிக்கில் சுற்றி அலமாரியில் அடைத்தால் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி, காற்று படுகிற இடத்தில் வையுங்கள், சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடுங்கள். எண்ணெயை அள்ளிப் பூசாதீர்கள், அது பூஞ்சைக்குச் சாப்பாடு. பூத்துவிட்டால் வெளியே கொண்டுபோய் உலர்ந்த பிரஷால் தட்டிவிட்டு நிழலில் காற்றாட விடுங்கள்.

வீட்டுப் பேச்சையும் சொல்ல வேண்டும். "செருப்பு தைக்கிற வேலையை ஏன்பா எடுத்து வச்சிருக்க?" என்று ஓர் அத்தை கேட்டார். அவருக்கு மரியாதையாகப் பதில் சொன்னேன், இங்கேயும் அதையே சொல்கிறேன். கமலையில் தண்ணீர் இறைத்த தோல் பையும், காலில் போட்ட செருப்பும், பறையின் தோலும் யாரோ ஒருவர் கையால் ஆனவை. அந்தக் கைகளை நம் சமூகம் தள்ளி நிறுத்தியது, அது அநியாயம். கடைகளுக்கு முன்னால் இருக்கும் ஐந்தடி நடைபாதையில் உட்கார்ந்து குத்தூசியால் ஷூ தைக்கிற பெரியவர்களிடம் நின்று பார்த்து நான் கற்றது அதிகம், அவர்களுக்கு நன்றி சொல்லாமல் இந்த வேலையைப் பொழுதுபோக்கு என்று சொல்லிக்கொள்ள எனக்கு மனம் வராது. அம்மாவின் கவலை வேறு, மாட்டுத்தோல் சாமி அறைப்பக்கம் வரக்கூடாது. அதில் நான் வாதாடுவதில்லை, அவருக்கு ஆட்டுத்தோலில் செய்து கொடுக்கிறேன், மெல்லியதாக இருந்தாலும் கெட்டியான தோல் அது.

தொடங்குகிறவர்கள் கார்டு உறையில் தொடங்குங்கள். 1.2 மில்லிமீட்டர் தோல், கார்டைவிட இரண்டு பக்கமும் 7 மில்லிமீட்டர் கூடுதல் அகலம், மூன்று ஓரம் தையல். கடைசித் துளைக்கு வந்ததும் இரண்டு மூன்று துளை பின்னோக்கித் தைத்து, இரண்டு நூலையும் பின்பக்கம் கொண்டுவந்து ஒட்ட நறுக்குங்கள். பாலியஸ்டர் என்றால் லைட்டர் சூட்டை லேசாகக் காட்டி முனையை அழுத்திவிடுங்கள், முடிச்சு தேவையில்லை.