டவுன் திட்டத்துக்கு எங்கள் பிள்ளைகளின் ஆட்சேபனை: முத்திரை வாங்கும்வரை பட்ட பாடு

ஒருவழியாக, பெற்றுக்கொண்டதற்கான அலுவலக முத்திரை விழுந்த பிரதி கைக்கு வந்துவிட்டது. எங்கள் டவுனுக்கான அபிவிருத்தித் திட்ட வரைவைப் பற்றித் தரம் 10, 11 பிள்ளைகள் எழுதிய கருத்துகள் முறைப்படி பதிவாகிவிட்டன. நுவரெலியா மாவட்டத்தில் வேறு டவுன்களிலும் பிள்ளைகளை வைத்து இதைச் செய்ய நினைக்கும் ஆசிரியர்கள், இளைஞர் கழகக்காரர்கள் இருப்பார்கள். எங்கெங்கே இழுபடும் என்று அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும்.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டப்படி, நகர அபிவிருத்திப் பகுதி என்று பிரகடனப்படுத்திய இடத்துக்குத் திட்டம் தயாரித்தால், அதை 60 நாட்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபனை கேட்க வேண்டும். 60 நாள் தாராளம் என்றுதான் தோன்றும். அதில் பாடசாலைப் பரீட்சை, போயா, சனி ஞாயிறு எல்லாம் கழிந்தபின் மிஞ்சுவது கொஞ்சம்தான். நோட்டீஸ் கண்ணில் பட்ட அன்றே கடைசித் திகதியை எழுதி வையுங்கள்.

பிள்ளைகளை இதற்குள் இழுத்தது பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால் இருக்கும் தட்டையான நிலம். மலையில் தட்டையாக ஒரு துண்டு நிலம் கிடைப்பதே அபூர்வம். பின்னேரம் பையன்கள் கிரிக்கெட் விளையாடுவது அங்கேதான். தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசன் லயங்களிலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, பாடசாலைக்கு வரும் குறுக்குப் பாதையும் அதை ஊடறுத்துத்தான் போகிறது. வரைவில் அந்த இடத்தில் வாகனத் தரிப்பிடம் போட்டிருந்தார்கள். நடந்து போகிறவர்களுக்கு மாற்றுப் பாதை ஒன்றும் வரைந்திருந்தார்கள். வெட்டிய மண்கரைக்குக் கீழே, பாதையோரமாகப் போகிறது அது. லயங்கள் இருக்கும் பக்கம் முழுக்க ஒரே பச்சை நிறம், தேயிலை என்று. அங்கே குடும்பங்கள் இருப்பதற்கான அடையாளம் ஒரு புள்ளிகூட இல்லை.

வரைபடம் அலுவலகத்தின் மேல்மாடி நடையில் ஒரு பலகையில் ஒட்டியிருந்தது. குறிவிளக்கம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும். தமிழ்ப் பிரதி கேட்டால் "கொழும்பிலிருந்து வரணும்" என்றார்கள். அது கடைசிவரை வரவில்லை. நல்லவேளை, கூட வந்த ஒரு மாணவிக்குச் சிங்களம் நன்றாக வாசிக்க வரும். அவள் குறிவிளக்கத்தை வரி வரியாக வாசிக்க, மற்றவர்கள் கொப்பியில் தமிழில் எழுதினார்கள். ட்ரேசிங் பேப்பர் கொண்டுபோயிருந்ததால் எங்களுக்கு வேண்டிய பகுதியைப் படியெடுக்கவும் முடிந்தது. போட்டோ எடுக்கலாம், ஆனால் கண்ணாடி மாதிரி மினுங்கும் பலகையில் லைட் விழுந்து பாதி தெரியாது. ட்ரேசிங் பேப்பரை மறக்காதீர்கள்.

அதன் பிறகு வந்தது கவுண்டர். இன்னமும் எனக்கு ஆறவில்லை. பிள்ளைகள் கையெழுத்துப் போட்ட கடிதத்தை அங்கிருந்தவர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுத் திருப்பித் தள்ளினார்.

"டீச்சர், பதினெட்டு வயசுக்குக் குறைஞ்சவங்ககிட்ட எடுக்க ஏலாது. வோட்டே இல்லையே இவங்களுக்கு."

பிள்ளைகள் பக்கத்திலேயே நின்றார்கள். வெள்ளைச் சீருடையில், காலையிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்போடு. அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்கு முடியவில்லை. அறிவித்தலைத் திரும்ப வாசித்தேன். "பொதுமக்கள்" என்றுதான் இருக்கிறது, வயது பற்றி ஒரு சொல்லும் இல்லை. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரையும் தம்மைப் பாதிக்கும் விடயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை பிள்ளைகளுக்கு உண்டு என்கிறது. இதையெல்லாம் சொன்னேன். கேட்கவில்லை. "சிங்களத்தில் எழுதிக்கொண்டு வாங்க, பார்ப்போம்" என்று இன்னொன்றையும் சேர்த்தார்.

கடைசியில் வேலை செய்தது ஒரேயொரு கேள்வி: "எடுக்க முடியாது என்பதை எழுத்தில் தருவீர்களா?" உள்ளே போனார். திரும்பி வரும்போது அதிபரின் கடிதமும் பெற்றோர் சம்மதமும் இணைத்தால் எடுக்கலாம் என்றார். மொழி விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. நமக்குத் தமிழில் எழுதிக்கொடுத்துத் தமிழிலேயே பதில் பெற அரசியலமைப்பில் உரிமை இருக்கிறது. தமிழிலேயே கொடுங்கள். மொழிபெயர்ப்புச் செலவு உங்கள் தலையில் விழக்கூடாது.

அதிபர் உடனே கடிதம் தந்தார். பெற்றோர் சம்மதம்தான் இழுத்தது. மலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் வீடு வந்து சேர இருட்டிவிடும். சிலருக்குப் பயம். "தோட்டத்து ஆபீஸுக்குத் தெரிஞ்சா பிரச்சினையாகுமா டீச்சர்?" என்று ஒரு தாய் கேட்டார். கேட்டதில் நியாயம் இருக்கிறது. லயம் இருக்கும் நிலம் அவர்களுக்குச் சொந்தமில்லை. இது டவுன் எல்லைக்குள் இருக்கும் பாதையைப் பற்றியது, தோட்டத்துக்கு எதிரானது இல்லை என்று வீட்டு இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) உட்கார்ந்து விளக்கிச் சொன்ன பிறகுதான் கையெழுத்து வந்தது. இந்த வேலையை முதலிலேயே முடித்துவிட்டுக் கவுண்டருக்குப் போங்கள்.

அடுத்து ஒரு வீண் பயணம். பொதுமக்கள் தினம் என்று பார்த்துத்தான் போனோம். திட்டமிடல் உத்தியோகத்தர் வேறொரு டவுனுக்குப் போயிருந்தார். அவர் மேசையில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். வைக்கவில்லை. முத்திரையும் திகதியும் இல்லாமல் மேசையில் வைக்கும் தாள் நாளைக்கு எங்கே போகும் என்று யாரும் சொல்ல முடியாது. பஸ் காசும் பிள்ளைகளின் ஒருநாள் பாடமும் போனதுதான் மிச்சம். புறப்படுமுன் போனில் கேட்டு, யாரிடம் கேட்டோம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தைத் திருத்தி எழுதியபோது பிள்ளைகள் செய்த வேலையைச் சொல்லியே ஆகவேண்டும். முதலில் "எங்கள் கிரவுண்டை எடுக்காதீர்கள்" என்றுதான் இருந்தது. அப்புறம் அவர்களே உட்கார்ந்து யோசித்து, மாற்றுப் பாதையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த மண்கரையில் மழை நாட்களில் தண்ணீர் கசிகிறது, மேலே வெடிப்பும் தெரிகிறது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஒரே இடத்தில் நின்று போட்டோ எடுத்தார்கள், அளவு தெரியப் பக்கத்தில் அடிமட்டம் வைத்து. பாடசாலை மழைமானிக் குறிப்பையும் சேர்த்தார்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் அவதானமாக இருக்கச் சொல்கிறது. 100 ஆனால் வெளியேறத் தயாராக வேண்டும், 150ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும். எந்த நாளில் எந்த அளவு தாண்டியது, அன்று கரை எப்படி இருந்தது என்று ஒரு அட்டவணை. மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று மண்சரிவு லயங்களை மூடியதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். மண்சரிவைப் பற்றி யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

திருத்திய கடிதத்தைக் கொடுத்து முத்திரை வாங்கிய பிறகு, ஆட்சேபனைகளைக் கேட்கும் விசாரணைக்கு எங்களையும் கூப்பிட்டார்கள். முதலில் என்னைத்தான் பேசச் சொன்னார்கள். பிள்ளைகள் பேசுவார்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டேன். தரம் 10 மாணவி எழும்பினாள். குரல் நடுங்கியது. "சேர், நீங்க போட்டிருக்கிற பாதையில காலையில ஏழு மணிக்குச் சின்னப் புள்ளைங்கதான் கூடுதலா நடப்பாங்க. மழைன்னா அங்கதான் தண்ணி கசியுது" என்று சொல்லி, ட்ரேசிங் பேப்பரை அவர்களுடைய வரைபடத்தின் மேலேயே விரித்துக் காட்டினாள். இரண்டும் கோட்டுக்குக் கோடு பொருந்தின. அதுவரை போன் பார்த்துக்கொண்டிருந்த பொறியியலாளர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். அட்டவணையின் பிரதி ஒன்றும் கேட்டு வாங்கிக்கொண்டார். எனக்கு அந்த நிமிஷமே எல்லா அலைச்சலும் தீர்ந்துபோனது.

எல்லை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பிரகடனப்படுத்திய எல்லைக்கு வெளியே இருப்பதைப் பற்றி எழுதினால் "எங்களுக்குரியது இல்லை" என்று அந்தப் பகுதியை வெட்டிவிடுவார்கள். எங்கள் குறுக்குப் பாதையின் மேல் பாதி வெளியேதான் இருக்கிறது. அதற்கும் தெருவிளக்குக்கும் தனிக் கடிதம் எழுதிப் பிரதேச சபைக்குக் கொடுத்தோம். எந்தச் சபை என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். 2018 தேர்தலோடு நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டும் ஆறாகிவிட்டன: நுவரெலியா, கொட்டகலை, அக்கரபத்தனை, அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா. பழைய பழக்கத்தில் பழைய சபைக்கே போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். "தோட்டத்துப் பாதைக்குச் சபைப் பணம் செலவழிக்க முடியாது" என்று யாராவது சொன்னால், 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் அதற்குத் தடையாக இருந்த 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டுவிட்டது என்று சொல்லுங்கள். எங்களிடமும் அதையே சொன்னார்கள். திருத்தத்தின் பிரதியை நீட்டியதும் பேச்சு நின்று, கடிதத்தில் முத்திரை விழுந்தது.

டவுன் திட்டம் இன்னும் வர்த்தமானியில் வரவில்லை. மண்கரைப் பாதையைத் திரும்பப் பார்ப்பதாக எழுத்தில் பதில் தந்திருக்கிறார்கள், தமிழில். வாகனத் தரிப்பிடம் பற்றி அதில் ஒன்றுமில்லை. தெருவிளக்குக் கடிதத்துக்கும் பதில் இல்லை. அதற்கு 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கையெழுத்து என்னுடையது, கேள்விகள் பிள்ளைகளுடையவை. வருகிற திங்கட்கிழமை கொடுக்கப் போகிறோம்.