எழுபது லட்சம் வருஷம் போதாதா?

அந்தப் படத்தை நான் இன்னும் அழிக்கவில்லை. கிடைமட்டத்தில் ஒரு கோடி ஆண்டு, செங்குத்தில் ஒரு பனிக்கட்டிப் பொருளின் சுற்று நெப்டியூனின் சுற்றோடு ஒத்துப்போகிறதா என்று காட்டும் கோணம், 0 முதல் 360 டிகிரி. 180ஐச் சுற்றிப் புள்ளிகள் பட்டையாக மேலும் கீழும் ஆடிக்கொண்டே போகின்றன. 70 லட்சத்தைத் தாண்டியதும் பட்டை அவிழ்ந்து, மிளகுத்தூள் கொட்டினாற்போல் படம் முழுக்கச் சிதறிவிடுகிறது.

நெப்டியூன் மூன்று சுற்று முடிப்பதற்குள் சரியாக இரண்டு சுற்று வருபவை புளூட்டினோக்கள். புளூட்டோவே அப்படித்தான். இந்த ஒத்ததிர்வு இருப்பதால்தான், நெப்டியூனின் பாதைக்கு உள்ளே வந்து போனாலும் அதன் பக்கத்தில் மாட்டுவதில்லை. எங்கள் பனிக்கட்டியும் அந்த வகையா என்று பார்க்க வழக்கம்போல அதற்குச் சாத்தியமான மூன்று பாதைகளைக் கணினியில் ஓட்டினோம். அளவீடுகளுக்கு நன்றாகப் பொருந்துவது ஒன்று, பிழை எல்லையின் இரு ஓரங்களிலிருந்து ஒவ்வொன்று. மூன்றும் 180ஐச் சுற்றி ஆடினால் புளூட்டினோதான், கேள்வியே இல்லை. இங்கே ஒரு ஓரம் கடைசிவரை ஆடியது, இன்னொன்று ஆரம்பத்திலேயே சிதறியது. நடுவில் இருந்ததன் படம்தான் மேலே சொன்னது.

நான் 'இல்லை' என்று போட்டேன்.

"அண்ணா, 70 லட்சம் வருஷம் போதாதா?" என்றாள் கூட வேலை பார்த்த மாணவி. "1965இல் கோஹனும் ஹப்பர்டும் புளூட்டோவின் பாதையைக் கணினியில் 1,20,000 வருஷம்தானே ஓட்டினாங்க? அதை வச்சுத்தானே புளூட்டோவை நம்பினோம்?"

புளூட்டோவுக்கு 1930லிருந்து அளவீடு இருந்தது, இதற்கு ஏழே இரவுகள் என்றேன். தப்பில்லாத பதில்தான். ஆனால் அவள் கேட்டது அதுவல்ல. ஒட்டியிருந்துவிட்டு நழுவுவதும் ஒரு வகை உறவு இல்லையா என்று கேட்டாள். எங்கள் அட்டவணையில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டம்தான். மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்க ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா?

'ஆம்' பட்டியலில் இருந்தவற்றைத்தான் அடுத்த பருவம் தொலைநோக்கியில் தொடர்ந்தோம். இது விட்டுப்போனது. இவ்வளவு மங்கலான பொருளைக் கொஞ்ச காலம் பார்க்காமல் விட்டால் வானத்தில் எந்த இடத்தில் தேடுவது என்றே தெரியாது. இப்போது அந்த நிலைதான். என் 'இல்லை' சரியா என்று சொல்லக்கூடிய அளவீடுகள், அந்த 'இல்லை'யால்தான் கிடைக்காமல் போயின. தொலைநோக்கி நேரம் அளந்துதான் கிடைக்கும், எல்லாவற்றையும் துரத்த முடியாது. அதைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன், எல்லாரும் தலையாட்டுவார்கள்.

அவர்களிடம் சொல்லாத ஒன்று உண்டு. அட்டவணையில் அதற்கு நேர் மேல் வரிசையில் இருந்த பொருளுக்கு ஐந்து இரவுகள்தான். அதன் மூன்று பாதைகளில் ஒன்று அங்கேயும் சிதறியது. அதற்கு 'ஆம்' போட்டிருந்தேன். கொஞ்சம் பிரகாசமானது, எளிதாகப் பிடித்துவிடலாம், தொலைநோக்கி நேரத்துக்கான விண்ணப்பம் அன்று சாயங்காலமே போக வேண்டும். அந்த வரிசையையும் அவள் பார்த்தாள். அதைப் பற்றி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.