அவசரகால விளக்கும் சாவி சுவிட்சும்: ஒயரிங்கில் நான் பார்ப்பவை

ஒரு கட்டடத்தின் படிக்கட்டில் இருந்த அவசரகால விளக்கைப் பார்க்கச் சொல்லி என்னை அழைத்திருந்தார்கள். பேட்டரி மாற்றி ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் அதுவும் செத்துவிட்டது என்பது புகார். நான் போனது பகல் நேரம்; சார்ஜருக்கு மின்சாரம் வருவதைக் காட்டும் பச்சை எல்.இ.டி. ஒழுங்காக எரிந்துகொண்டிருந்தது. விளக்குக்கு வரும் மின்சாரத்தைத் துண்டித்துச் சோதிப்பதற்கான சாவி சுவிட்சைத் திருப்பியதும் பச்சை அணைந்து, விளக்கு பேட்டரியில் எரியத் தொடங்கியது. ஆனால் நான்கைந்து நிமிடங்களிலேயே மங்கி அடங்கிவிட்டது. சாவியைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, சந்தேகத்தின் பேரில் படிக்கட்டின் சாதாரண விளக்கு சுவிட்சை அணைத்துப் பார்த்தேன். பச்சை எல்.இ.டி.யும் கூடவே அணைந்தது.

சார்ஜருக்குப் போக வேண்டிய ஃபேஸை, சுவர் சுவிட்சுக்கு முன்னால் எடுக்காமல் பின்னால் எடுத்திருந்தார்கள். இரவு எவராவது படிக்கட்டு விளக்கை அணைத்தவுடன், மின்சாரம் போய்விட்டதாகவே அந்த விளக்குக்குப் படும். அது பேட்டரியில் எரிந்து தீரும், மறுநாள் சுவிட்சைப் போட்ட பிறகே சார்ஜ் ஏறும். இத்தகைய விளக்குகளின் பேட்டரி நான்கு ஆண்டுகளாவது உழைக்க வேண்டும் என்ற கணக்கில் செய்யப்படுவது. எப்போதாவது ஒரு முறை தீர வேண்டிய பேட்டரியைத் தினமும் தீர்த்துவிட்டால் அது எத்தனை நாள் தாங்கும்? மாதந்தோறும் நடந்த சாவி சோதனையில் இந்தப் பிழை அகப்படவே இல்லை. சோதனை செய்தவர் எப்போதும் பகலில், விளக்குகள் எரியும் நேரத்தில் செய்திருக்கிறார்.

உள்ளேயே பேட்டரி வைத்த விளக்குகளைப் பற்றித்தான் இங்கே சொல்கிறேன். மின்சாரம் போனால் மட்டும் எரியும் வகைக்கு, எப்போதும் உயிரோடு இருக்கும் ஒரு ஃபேஸ், நியூட்ரல், எர்த் ஆகிய மூன்று வயர்கள் போதும். சாதாரண விளக்காகவும் எரிய வேண்டிய வகைக்கு, சுவர் சுவிட்சிலிருந்து வரும் ஃபேஸ் நான்காவதாகச் சேரும். நிரந்தர ஃபேஸ் அந்த இடத்துச் சாதாரண விளக்குகளின் எம்.சி.பி.யிலிருந்தே (போர்டில் இருக்கும், கோளாறு வந்தால் தானே அணைந்து அந்தச் சுற்றைத் துண்டிக்கும் சுவிட்ச்), சுவர் சுவிட்சுக்கு முன்னால் பிரிந்து, சாவி சுவிட்ச் வழியாக விளக்குக்குப் போக வேண்டும். சாவி அந்த ஃபேஸை மட்டும் துண்டித்தால் போதும். சாதாரண விளக்குகளைத் தொடாமலேயே சோதனை நடந்துவிடும்.

‘அந்த இடத்து எம்.சி.பி.யிலிருந்தே’ என்பதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அவசரகால விளக்குகள் எல்லாவற்றுக்கும் தனியாக ஒரு எம்.சி.பி. ஒதுக்கி, போர்டில் அழகாகப் பெயர் எழுதி ஒட்டியிருப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். பார்வைக்கு நேர்த்திதான், ஆனால் தவறு. வராந்தா விளக்குகளின் எம்.சி.பி. மட்டும் டிரிப் ஆனால் வராந்தா இருண்டுவிடும். அவசரகால விளக்கோ தனக்கு மின்சாரம் வந்துகொண்டிருப்பதால் பச்சை எல்.இ.டி.யைக் காட்டிக்கொண்டு சும்மா இருக்கும். இந்த ஒயரிங்கிலும் சாவியைத் திருப்பினால் எல்லா விளக்குகளும் எரியும். அதாவது, சாவிச் சோதனை சாவிக்கு அப்பால் உள்ள விளக்கையும் பேட்டரியையும் மட்டுமே சோதிக்கிறது. சாவிக்கு முன்னால் வயர் எங்கிருந்து வருகிறது என்பதை அது சொல்வதில்லை. ஆகவே புதிய ஒயரிங்கை ஒப்படைக்கும் முன், ஒவ்வொரு விளக்கு எம்.சி.பி.யையும் ஒன்றன்பின் ஒன்றாக அணைத்து, இருண்ட பகுதியில் அவசரகால விளக்கு எரிகிறதா என்று நேரில் நடந்து பார்க்கிறேன். அதன் பிறகு சுவர் சுவிட்சுகள் எல்லாவற்றையும் அணைத்து, பச்சை எல்.இ.டி. ஒன்றும் அணையவில்லை என்பதையும் பார்க்கிறேன். சோதனைகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

நான்கு வயர் விளக்கில் நிரந்தர ஃபேஸும் சுவிட்ச் ஃபேஸும் நியூட்ரலும் ஒரே மின்சுற்றைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். வேறு சுற்றின் நியூட்ரலைக் கடன் வாங்கினால் ஆர்.சி.டி. (மின்கசிவைக் கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) டிரிப் ஆகும், அதைவிடக் கொடியது, ஒரு எம்.சி.பி.யை அணைத்துவிட்டு விளக்கைத் திறப்பவரின் கையில் மற்றொரு சுற்றின் மின்சாரம் காத்திருக்கும். எல்லா எம்.சி.பி.களையும் அணைத்தாலும் விளக்கின் உள்ளே பேட்டரி உயிரோடுதான் இருக்கிறது. பழைய டியூப் வகைகளில் இன்வெர்ட்டர் வெளியிடும் மின்னழுத்தம் சாதாரணமானது அல்ல. பேட்டரி பிளக்கைக் கழற்றிய பிறகே கை வைக்க வேண்டும்.

வயர்களின் காப்பை அதிக மின்னழுத்தத்தில் பார்க்கும் மெகர் சோதனைக்கும் இதே கவனம் தேவை. 500 வோல்ட்டை ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே கொடுத்தால் சார்ஜர் போர்டு போய்விடக்கூடும். விளக்குகளைக் கழற்றிவிட்டுச் சோதிக்கலாம், முடியாவிட்டால் ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து எர்த்துக்கு எதிராக மட்டும் சோதிக்கலாம். கட்டட வேலை நடக்கும்போது மின்சாரம் வருவதும் போவதுமாக இருக்கும் என்பதால், நிரந்தர இணைப்பு வரும்வரை பேட்டரி பிளக்கை நான் செருகுவதில்லை.

முழு நேரச் சோதனைக்கு முன் 24 மணி நேரம் சார்ஜ் ஏற வேண்டும். இ.என். 50172 என்ற ஐரோப்பியத் தரநிலையின்படி மாதம் ஒரு முறை சிறு சோதனை. ஆண்டுக்கு ஒரு முறை விளக்கின் முழுக் கால அளவுக்கும், 3 மணி நேர விளக்கானால் 3 மணி நேரமும் எரியவிட வேண்டும். அந்தச் சோதனை முடிந்த கையோடு மின்சாரம் போனால் கட்டடத்தில் ஒரு விளக்கும் உதவாது. எனவே ஆட்கள் இல்லாத நாளில் செய்வேன், அல்லது அடுத்தடுத்த விளக்குகளை இரண்டு சாவிகளில் பிரித்து ஒயரிங் செய்து வெவ்வேறு நாட்களில் சோதிப்பேன். வெளிச்சத்தைப் பார்க்கச் சாதாரண விளக்குகளையும் அணைத்துவிட வேண்டும். வெளியேறும் வழியின் தரையில் குறைந்தது 1 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்று இ.என். 1838 கேட்கும் வெளிச்சம் அவ்வளவு குறைவானது, பக்கத்து விளக்கு ஒன்று எரிந்தாலும் எதையும் கணிக்க முடியாது.

சோதனை முடிந்து சாவியைத் திருப்பி வைக்க மறந்துவிட்டால், பேட்டரி தீர்ந்து விளக்கு அணைந்துவிடும். அணைந்த பின் அது நல்ல நிலையில் இருக்கும் விளக்கைப் போலவே தோன்றும், பச்சை எல்.இ.டி. இல்லை என்பது ஒன்றே வித்தியாசம். அதனால் என் பதிவேட்டில் முடிவை எழுதும் கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் வைத்திருக்கிறேன். சாவியைத் திருப்பி வைத்த நேரமும், அதன் பிறகு நடந்து போய் எண்ணிய பச்சை எல்.இ.டி.களின் எண்ணிக்கையும் அதில் ஏறும். எண்ணிக்கை விளக்குகளின் எண்ணிக்கையோடு ஒத்துவந்தால் கையெழுத்துப் போடுவேன்.