வேலூர் காகிதப்பட்டறை வீட்ல ஸ்டார் கட்டற சீசன்

நவம்பர் 24, 2024, ஞாயிறு

சர்ச் விட்டு வந்து சாப்ட்ட கையோட பரண்ல இருந்து பழைய ஸ்டார் எல்லாத்தையும் இறக்கியாச்சு. பாதி குச்சி உளுத்துப் போச்சு, தட்டினா மாவா கொட்டுது, இத வெச்சு கட்டினா கிறிஸ்துமஸ் வர்றதுக்குள்ளயே முனை தொங்கிடும். சரி புது மூங்கில்தான்னு சாயந்திரம் இவரோட வண்டியில மார்க்கெட் பக்கம் போனோம். மூங்கில் கடைக்காரரு என்னைய மேலயும் கீழயும் பாத்துட்டு, "இன்னாம்மா, லாங்கு பஜார் பூரா ரெடிமேட் ஸ்டாரா தொங்குது, நீ இன்னாத்துக்கு இன்னும் மூங்கில் தேடிக்கினு கீற"ன்றாரு.

ரெடிமேட் ஸ்டார நான் குறை சொல்லல. அட்டையில ஓட்டை போட்டு மடிச்சு கவர்ல தர்றாங்க, லைட் போட்டா நல்லாதான் இருக்கு. ஆனா எனக்கு அந்த கட்டற வேலைதான் வேணும், தொங்க விடறதெல்லாம் அப்பறம்.

மூங்கில் வாங்கறப்ப நான் கணுவத்தான் முதல்ல பாப்பேன். கணு நெருக்கமா இருந்தா பிளக்கறப்ப கத்தி போய் அங்க முட்டிக்கும், வளைக்கறப்பவும் அங்கதான் ஒடியும். ரொம்ப பச்சை மூங்கிலும் வேணாம், காய காய சுருங்கி கட்டு எல்லாம் லூஸாயிடும். ஒரு முழு மூங்கில் வாங்கி கடையிலயே துண்டு போட்டு, வண்டியில குறுக்க வெச்சு புடிச்சுக்கிட்டு ஆற்காடு ரோட்ல வந்தது தனிக் கதை.

நவம்பர் 27, புதன்

நேத்தே பிளந்து ராத்திரி பூரா தொட்டியில ஊற போட்டிருந்தேன். காலையில உள்பக்கத்து வெள்ளை சதைய கத்தியால சீவி எடுத்துட்டு தோல் பக்கத்த மட்டும் வெச்சுக்கிட்டேன், பலமே தோல்லதான் இருக்கு, சதையிலதான் பூச்சி வருது. சீவறப்ப சிலும்பு ஏறாம இருக்க பழைய காட்டன் துணிய விரல்ல சுத்திக்கணும், இல்லன்னா சாம்பார் சாதம் பிசையறப்ப தெரியும்.

பெரிய ஸ்டாருக்கு 36 இன்ச் குச்சி பத்து. அஞ்சு குச்சியில ஒரு ஐமுனை, இன்னொரு அஞ்சுல இன்னொண்ணு. ஒவ்வொரு குச்சியிலயும் ரெண்டு முனையில இருந்தும் ஒரு மார்க் போடணும், குச்சிங்க ஒண்ணையொண்ணு வெட்டற இடம் அதுதான். எங்க நைனா இதுக்கு ஸ்கேல் கூட எடுக்க மாட்டாரு, "பதினாலுக்கு கால் இன்ச் கம்மி"ன்னு சொல்லி விரலால அளந்தே கோடு போட்டுடுவாரு. ஏன் அந்த அளவுன்னு கேட்டா "அதான் அளவு"ன்னுவாரு, அவ்ளோதான் பதில்.

இன்னிக்கு ஒம்போதாவது படிக்கற என் பொண்ணு பக்கத்துல உக்காந்து மொபைல்ல கணக்கு போட்டா. ஐமுனை நட்சத்திரத்துல ஒரு கோட்ட இன்னொரு கோடு வெட்டறது எப்பவும் நீளத்துல 0.382 பங்குலயாம், கோல்டன் ரேஷியோங்கற விகிதத்துல இருந்து வர்ற எண்ணாம், 36ஐ அதால பெருக்கினா 13.75 வருது. பதினாலுக்கு கால் இன்ச் கம்மி! "தாத்தாவுக்கு கோல்டன் ரேஷியோ தெரியுமாம்மா"ன்னு கேக்கறா. எனக்கு தெரிஞ்சு நைனாவுக்கு தெரிஞ்சதெல்லாம் ஆசாரி பென்சிலும் நூலும்தான். முனை ஒவ்வொண்ணும் 36 டிகிரி வரணும், அந்த மார்க் சரியா இருந்தா டிகிரி தானா வந்துடுது, தனியா அளக்கவே வேணாம். அவளே தேடிப் பாத்து இன்னொண்ணும் சொன்னா, மொரேவியன் ஸ்டார்னு கூர் கூரா நிறைய முனை இருக்கற பேப்பர் ஸ்டார் இருக்குல்ல, அது 1830கள்ல ஜெர்மனில நீஸ்கின்னு ஒரு ஊர்ல, ஸ்கூல் பசங்களுக்கு ஜியாமெட்ரி சொல்லித்தர செய்ய ஆரம்பிச்சதாம். நல்ல வாத்தியார்தான். என் பொண்ணுக்கு காம்பஸ் பாக்ஸ திறக்கச் சொன்னாலே தலைவலி வரும், குச்சின்னா மட்டும் ரெண்டு மணி நேரம் நகராம உக்காருது.

கட்டறதுல சூட்சுமம் என்னன்னா, குச்சிங்கள ஒண்ணு மேல ஒண்ணு சும்மா அடுக்கக் கூடாது, பாய் பின்னறாப்பல ஒண்ணு மேல, ஒண்ணு கீழன்னு மாத்தி மாத்தி விடணும். அப்பதான் குச்சியே குச்சிய இறுக்கிப் புடிக்கும். முனையில சைக்கிள் டியூப மெல்லிசா வெட்டி சுத்துனா போதும், நூல் வழுக்கும், டியூப் வழுக்காது. ரெண்டு ஐமுனையும் ரெடியானதும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு அஞ்சு முனையையும் சேத்து கட்டிட்டு, நடுவுல குச்சிங்க வெட்டற அஞ்சு இடத்துலயும் ஏழு இன்ச் துண்டு குச்சிய நெட்டுக்குத்தலா உள்ள தள்ளணும். தள்ளத் தள்ள ரெண்டு பக்கமும் உப்பிக்கிட்டு வரும் பாருங்க, அந்த நேரம் மட்டும் வீட்ல யாரும் என்கிட்ட பேசக்கூடாது. அஞ்சாவது துண்டு போகறப்ப மத்த நாலும் தெறிக்கப் பாக்கும். பொண்ணு நாலையும் புடிச்சுக்க, அத்தை தூரமா நின்னு "கண்ணுல பட்டுடப் போவுது"ன்னு கத்த, உள்ள போயிடுச்சு.

நவம்பர் 30, சனி

ஃபெஞ்சல் புயல். காலையில இருந்து விடல, காத்தும் மழையும். டிவியில புதுச்சேரி பக்கம் கரையைக் கடக்குதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க, அப்பறம் கரண்டு போச்சு. காய்ச்சி வெச்ச மைதா பசை மட்டும் பாத்திரத்துல கெடக்கு. இந்த ஈரத்துல பேப்பர் ஒட்டவே கூடாது, ஒட்டினா தொளதொளன்னு தொங்கும், பூசணம் வேற புடிக்கும்.

டிசம்பர் 1, ஞாயிறு

அட்வென்ட், அதான் கிறிஸ்துமஸுக்கு முந்தின காத்திருப்புக் காலம், அதோட முதல் ஞாயிறு. மழையில பாதி பேர்தான் சர்ச்சுக்கு வந்தாங்க. திருவண்ணாமலையில மண்சரிவுன்னு நியூஸ் வந்ததுல இருந்து மனசே சரியில்ல, எதையும் தொடல.

டிசம்பர் 5, வியாழன்

வெயில்! பழைய பசைய கொட்டிட்டு புதுசா காய்ச்சினேன். ஒரு டம்ளர் மைதாவ முதல்ல பச்சத் தண்ணியில கட்டியில்லாம கரைச்சுக்கிட்டு, கொதிக்கற தண்ணியில ஊத்தி கிண்டிக்கிட்டே இருக்கணும், வெள்ளை போயி கண்ணாடி பதம் வந்ததும் எறக்கிடணும். எறக்கினப்பறம் துளி மயில்துத்தம் (காப்பர் சல்பேட்). அது போட்டாதான் கரப்பான் கிட்ட வராது, இல்லன்னா ஸ்டார ராத்திரியோட ராத்திரியா தின்னுட்டு போயிடும். ஆனா துத்தம் விஷம், அதனால அந்த சட்டிய சமையலறைக்குள்ள விடறதே இல்ல, அதுக்குன்னு ஒரு பழைய சட்டி தனியா இருக்கு, கைய சோப்பு போட்டு கழுவாம யாரும் சாப்ட உக்காரக் கூடாதுன்னு சட்டம்.

பேப்பர் பட்டம் பேப்பர்தான். கண்ணாடி பேப்பர் பளபளன்னு இருக்கும், ஆனா உள்ள இருக்கற பல்பு, ஒயர், குச்சி எல்லாத்தையும் காட்டிக் குடுத்துடும். பட்டம் பேப்பர் வெளிச்சத்த வாங்கி தனக்குள்ள பரப்பிக்கும். முன்பக்கம் அஞ்சு முக்கோணம், நடுவுல ஒரு ஐங்கோணம், பின்பக்கமும் அதே, ஆனா பல்பு போடறதுக்கு பின்பக்க ஐங்கோணத்த மட்டும் திறந்து விடணும். அப்பறம் பக்கவாட்டுல பத்து ஒல்லி முக்கோணம், இதுலதான் பொறுமை போகும். எல்லாருமே பேப்பர குச்சியோட சரியா வெட்டிடறாங்க, அரை இன்ச் அதிகமா விட்டு குச்சிய சுத்தி உள்பக்கமா மடிச்சு ஒட்டணும், அதுதான் நிக்கும்.

ஒட்டி முடிச்சப்ப பேப்பர் சுருக்கம் சுருக்கமா அசிங்கமா இருந்துச்சு. அத்தைக்கு முகமே மாறிப்போச்சு. பசை நல்லா காஞ்சதும் தோசைக்கல்லுக்கு தெளிக்கற மாதிரி இல்லாம, ஸ்ப்ரே பாட்டில்ல பனி கணக்கா ரொம்ப லேசா தண்ணி அடிச்சு நிழல்ல வெச்சேன். ஈரம் பட்ட பேப்பர் முதல்ல இன்னும் தொங்கும், பயந்துடக் கூடாது, காயறப்ப சுருங்கி டிங்குன்னு இழுத்துக்கும். மூணு மணிக்கு விரலால சுண்டினா சத்தம் வருது. அத்தையும் ஒரு தடவ சுண்டிப் பாத்தாங்க, யாரும் பாக்கலன்னு நெனச்சு.

டிசம்பர் 10, செவ்வாய்

துணித் தோரண வேலை ஆரம்பம். தெருமுனை டெய்லர் பாய் வருஷா வருஷம் எனக்குன்னு ஒரு மூட்டை பிட்டு துணி எடுத்து வெச்சிடுவாரு, காசு குடுத்தா வாங்க மாட்டாரு, "குப்பைக்குப் போறதுதானம்மா, கேக்கு மட்டும் மறக்காம குடுத்தனுப்பு"ன்னுவாரு. பிளவுஸ் பிட்டு, சாட்டின், லைனிங், குடியாத்தம் லுங்கித் துணி வேற கொஞ்சம், எல்லாம் கலந்து கெடக்கும்.

முதல்ல பிரிக்கணும். கைய வெச்சு பாத்தா சில துணி ஏமாத்தும், அதனால ஓரத்துல ஒரு நூல உருவி நெருப்புல காட்டிடறது. பருத்தின்னா பேப்பர் எரியற வாசனை வரும், சாம்பல தேச்சா தூளாயிடும். பாலியஸ்டர்னா உருகி கறுப்பா உருண்டு கெட்டியாயிடும். இது எதுக்குன்னா ரோஸ் செய்ய பாலியஸ்டர் சாட்டின்தான் ஆகும். வட்ட வட்டமா, ஒண்ணவிட ஒண்ணு சின்னதா வெட்டிக்கிட்டு, ஓரத்த மெழுகுவர்த்திக்கு மேல கொஞ்சம் தூக்கிப் புடிச்சு சுத்தினா விளிம்பு தானா சுருண்டு இதழ் ஆயிடும், நூலும் பிரியாது. அஞ்சாறு வட்டத்த அடுக்கி நடுவுல ஒரு மணி வெச்சு தெச்சா முடிஞ்சுது. ஜன்னல திறந்து வெச்சுக்கணும், அந்த பிளாஸ்டிக் நாத்தம் தலைய சுத்தும். பக்கத்துல ஒரு கிண்ணத்துல தண்ணியும் வெச்சுக்கறது நல்லது, காட்டன் துணி தப்பித் தவறி வந்துட்டா குப்புனு புடிச்சுக்கும்.

லுங்கித் துணி எல்லாம் சின்ன நட்சத்திரத்துக்கு. வடிச்ச கஞ்சியில முக்கி பிழிஞ்சு பாதி ஈரத்துல அயர்ன் பண்ணிட்டா அட்டையாட்டம் நிக்கும், அதுக்கப்பறம் வெட்டினா நூல் பிசிறாது. கட்டம் போட்ட ஸ்டார் பாக்க தமாஷா இருக்கு, ஆனா எனக்கு பளபளப்ப விட இதுதான் புடிச்சிருக்கு.

டிசம்பர் 13, வெள்ளி

கார்த்திகை தீபம். பக்கத்து வீட்டு அக்கா அப்பமும் பொரி உருண்டையும் குடுத்தனுப்பினாங்க. மண்சரிவால இந்த வருஷம் திருவண்ணாமலையில பக்தருங்கள மலையேற விடல, அக்காவுக்கு அதுல ரொம்ப வருத்தம். அவங்க கொழுந்தனார் ஆரணி பக்கத்து ஊருல இருந்து வந்திருந்தாரு, சின்ன வயசுல மாவளி சுத்தின கதைய சொன்னாரு, பனம்பூவ கரியாக்கி இடிச்சு துணியில இறுக்க சுருட்டி, பனமட்டைய பிளந்து அதுக்குள்ள வெச்சு கட்டி, நெருப்பு வெச்சு கயித்துல சுத்தினா தலைய சுத்தி பொறியா கொட்டுமாம். எங்க ஊரு வேப்பூர்லயும் பசங்க சுத்தி பாத்திருக்கேன். என் பொண்ணு உடனே "துணி எவ்ளோ தடிமன்"ன்னு கேக்கறா. வேணாம் தாயி, உனக்கு குச்சியும் பசையும் போதும்.

டிசம்பர் 19, வியாழன்

வீடு வீடா கிறிஸ்துமஸ் பாட்டு பாடிட்டு வர்ற கேரல் ரவுண்ட்ஸ் ராத்திரி பதினொரு மணிக்கு எங்க தெருவுக்கு வந்துச்சு. மாடியில குடியிருக்கற மலையாள நர்ஸ் பொண்ணு டூட்டி முடிஞ்சு அப்பதான் வந்துது, ஸ்டார பாத்துட்டு படியிலயே நின்னுடுச்சு. அவங்க ஊர்ல ஈற்றன்னு ஒரு நாணல் மூங்கில்ல கட்டுவாங்களாம், இதவிட லேசா இருக்குமாம். "சேச்சி, இது யார் கட்டினது"ன்னு கேட்டுது, என் பொண்ணு "நான்"னுட்டா. அஞ்சாவது துண்டுக்கு நாலு துண்ட புடிச்சவளுக்கு அந்த உரிமை இருக்கு, விட்டுட்டேன்.

டிசம்பர் 23, திங்கள்

மாட்டியாச்சு. பல்பு விஷயத்துல மட்டும் ஒண்ணு சொல்லிடறேன், பழைய குண்டு பல்பு போடாதீங்க, அது வாங்கற கரண்டுல பெரும்பாலும் சூடாத்தான் போகுது, பட்டம் பேப்பர் கிட்டத்துல இருந்தா பழுப்பேறி அப்படியே பொரிஞ்சிடும். சின்ன எல்ஈடி போதும். அதுலயும் செவப்பு பேப்பருக்கு வெள்ளை வெளிச்சம் வேணாம், ரோஸ் கலரா அடிக்கும், மஞ்ச வெளிச்சம் போட்டா செவப்பு செவப்பாவே தெரியும். மழை வந்தா பேப்பர் போச்சுங்கறதால சன்ஷேடுக்கு உள்ள தள்ளி மாட்டியிருக்கோம். ரோட்ல இருந்து பாத்தா ரெண்டு முனை மறையுதுன்னு இவருக்கு குறை. இருக்கட்டும்.

ஜனவரி 6, 2025, திங்கள்

எபிபனி, அதான் ஞானிங்க குழந்தை இயேசுவ பாக்க வந்த திருநாள், எல்லாத்தையும் இறக்கியாச்சு. பேப்பர நனைச்சு உரிச்சிட்டு குச்சிய அவிழ்க்காம அப்படியே வெச்சுக்கலாம்னு பாத்தா பரண்ல எடம் பத்தல, அதனால நடுத் துண்டுங்கள மட்டும் உருவிட்டேன், தட்டையாயிடுச்சு, அடுத்த வருஷம் திரும்ப தள்ளினா போதும். துணித் தோரணத்த அலசி காயப் போட்டப்ப பக்கத்து வீட்டு அக்கா மதில் மேல இருந்து பாத்துட்டு, பொங்கலுக்கு மஞ்சள்லயும் பச்சையிலயும் இதே மாதிரி வேணும்னாங்க, பாய்கிட்ட மஞ்ச பிட்டு சொல்லி வெச்சிருக்கேன்.

உளு புடிக்காம இருக்க குச்சிக்கெல்லாம் வேப்பெண்ணெய் தடவி நியூஸ் பேப்பர்ல சுத்தியிருக்கேன். மூங்கில்ல இருக்கற மாவுச்சத்துக்குத்தான் அந்த பூச்சி வருது, வாரக்கணக்குல தண்ணியில ஊற போட்டா அது கரைஞ்சு போயிடும், அடுத்த தடவ அக்டோபர்லயே மூங்கில் வாங்கிடணும். அத்தை வேப்பெண்ணெய் நாத்தம் தாங்கல, பரண்ல வேணவே வேணாம், மாடி ஷெட்டுல வையின்றாங்க. ஷெட்டுல எலி. இவரு ரெண்டு பேர் பக்கமும் பேச மாட்டேன்னு வண்டிய எடுத்துக்கிட்டு போயிட்டாரு, கட்டு இன்னும் வராண்டாலயே கெடக்கு.